கை அசையும் என்று

மார்ச் 6, சாம்பல் புதன்

தவக்காலமான லெந்து நாட்களில் மட்டும் நாட்குறிப்பு எழுதுவது என் வழக்கம். மற்ற மாதங்களில் எழுத என்ன இருக்கிறது? சமையல், ஆலயம், பெண்கள் ஐக்கிய சங்கம். இந்த வருஷம் ஆலயத்துக்குக்கூடப் போக முடியவில்லை. நோயோடு இருக்கும் அவர்களை, என் கணவரை, தனியே விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை.

திருநெல்வேலி டாக்டர் நேற்று சொல்லிவிட்டார். வயிற்றில் இருந்த புற்று ஈரலுக்கும் பரவிவிட்டதாம். இனி மருந்து ஏற்றினால் உடம்புக்குத்தான் வருத்தம், வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்றார். அவர்கள் எழுந்து டாக்டருக்குக் கை கொடுத்து, "உங்களுக்காக ஜெபிக்கிறேன்" என்றார்கள். டாக்டர்தான் தலை குனிந்துகொண்டார்.

அவர்கள் சபைப் போதகர். தேவஇரக்கம் ஐயர் என்றால் இந்தத் தேரிக்காட்டுச் சபைகளில் தெரியாதவர் கிடையாது. ஊழியத்திலிருந்து ஓய்வுபெற்று, கிருபாபுரத்தில் இந்த வீட்டைக் கட்டிக் குடிவந்து இரண்டு கிறிஸ்துமஸ்தான் ஆகிறது. ஓய்வு என்று சொன்னார்களே தவிர, ஞாயிறுதோறும் எங்கேயாவது பிரசங்கம் இருந்தது.

மகள் கெசியாளுக்குப் போன் செய்தேன். திருச்சியில் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறாள். "லீவு போட்டுட்டு வாறேம்மா" என்றாள். வேறெதுவும் கேட்கவில்லை.

பிள்ளைகள் இரண்டு பெற்றேன். இருப்பது இவள் ஒருத்தி. மற்றதை இங்கே எழுதப்போவதில்லை.

ஜெபித்துவிட்டுப் படுத்தேன்.

மார்ச் 8, வெள்ளி

கெசியாள் வந்துவிட்டாள். வந்ததும் கட்டிலைச் சன்னல் பக்கம் இழுத்துப் போட்டாள். திசையன்விளைக்குப் போய், உட்கார்ந்தபடியே கழிப்பதற்கான நாற்காலியும் ரப்பர் விரிப்பும் வாங்கி வந்தாள். மாத்திரைகளைக் காலை, மதியம் என்று தனித்தனி டப்பாவில் பிரித்து வைத்தாள். அவர்களுக்கு முகமெல்லாம் சந்தோஷம். "என் மக வந்துட்டா, இனி நோவு பயந்து ஓடிரும்" என்றார்கள்.

முப்பத்துநாலு வயது. கல்யாணப் பேச்சை எடுக்கக்கூடாது என்று எனக்கு நானே சொல்லி வைத்திருக்கிறேன்.

மார்ச் 10, ஞாயிறு

இன்று நடந்ததை எழுதாமல் இருந்தால் நன்றாயிருக்கும்.

ஆராதனை முடிந்ததும் சபைகுரு ஸ்டான்லி ஐயர் வீட்டுக்கு வந்து அவர்களுக்கு அப்பமும் திராட்சை ரசமுமாகத் திருவிருந்து கொடுத்தார். நல்ல பையன், சின்ன வயது. சங்கத் தலைவி தங்கபாய் அக்காவும் கூட வந்திருந்தார்கள். அவர்களுக்கு, எனக்கு, அக்காவுக்கு என்று கொடுத்துவிட்டு ஐயர் கெசியாளிடம் அப்பத்தை நீட்டினார்.

"எனக்கு வேண்டாம் ஐயா."

அவர்கள் கண்ணைத் திறந்தார்கள். "ஏன் மக்கா? மனஸ்தாபம் ஏதும் இருந்தா இப்பவே அறிக்கை செஞ்சிட்டு எடு."

"மனஸ்தாபம் இல்லப்பா. நான் நம்பல."

"எதை நம்பல?"

"எதையுமே. ரொம்ப வருஷமாச்சு. உங்க மனசு வருத்தப்படும்னு சொல்லாம இருந்தேன். இன்னிக்கு வாங்கித் தின்னா உங்களை ஏமாத்துனதா ஆயிரும்."

ஸ்டான்லி ஐயரின் கை நீட்டியபடியே நின்றது. தங்கபாய் அக்கா "ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம்" என்று முணுமுணுத்தார்கள். கட்டிலில் இருந்தபடியே அவர்கள் என்னைப் பார்த்து, "பியூலா, அவளை வெளிய போகச் சொல்லு" என்றார்கள். கோபமாகக்கூட இல்லை. அவளே போய்விட்டாள்.

ஐயர் ஆசீர்வாதம் சொல்லி முடிக்கும்வரை நான் ரப்பர் விரிப்பின் சுருக்கத்தை நீவிக்கொண்டே இருந்தேன்.

மார்ச் 11, திங்கள்

அவர்கள் கெசியாளோடு பேசவில்லை. கஞ்சி இரண்டு கரண்டி. அதுவும் என் கையால்தான்.

மார்ச் 14, வியாழன்

சங்கத்துப் பெண்கள் வந்து ஜெபித்தார்கள். இந்த வீட்டில் புகுந்திருக்கும் அவிசுவாசத்தின் ஆவியைக் கட்டுகிறோம் என்று ஒருத்தி சத்தமாகச் சொன்னாள். அந்த நேரம் கெசியாள் அடுக்களையில் அந்தப் பெண்களுக்குத்தான் காப்பி போட்டுக்கொண்டிருந்தாள். கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்தாள். ஜெபித்தவளும் வாங்கிக் குடித்தாள்.

தங்கபாய் அக்கா என்னைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டார்கள். "ஐயரம்மா, தப்பா நெனைக்காதீங்க. பொம்பளப்பிள்ளையை இவ்வளவு படிக்க வச்சிருக்கக்கூடாது. ஐயாவுக்கு இந்த நோவு வந்ததே இவளாலயோ என்னமோ. நான் இவளுக்காக வெள்ளிக்கிழமை தோறும் உபவாசம் இருக்கப் போறேன்."

எனக்குக் காது சூடாகிவிட்டது. ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். அதற்குள் அக்கா, வாந்தி பட்டு ஊறப்போட்டிருந்த விரிப்புகளைப் பார்த்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு துவைக்க உட்கார்ந்துவிட்டார்கள். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. இப்படிப்பட்டவர்களிடம் எப்படிக் கோபப்படுவது?

மார்ச் 19, செவ்வாய்

ஸ்டான்லி ஐயர் கெசியாளோடு பேச வந்தார். கையில் மூன்று புத்தகங்கள். முன்னறையில் உட்கார்ந்து பேசினார்கள். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன், கேட்கக்கூடாது என்று நினைக்கவில்லை.

இத்தனை ஒழுங்கான உலகம் தானாக வருமா என்று கேட்டார். அவள் ஏதோ சொன்னாள். சீஷர்கள் பொய்க்காக உயிரை விடுவார்களா என்று கேட்டார். அதற்கும் சொன்னாள். இரண்டு பேரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். கடைசியில் அவள், "ஐயா, நீங்க தேர்வுக்குப் படிச்ச மாதிரி சொல்லுதீங்க. நான் புத்தகம் படிச்சு விசுவாசத்தை விடல. எங்க வீட்டுல நடந்தது உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"கேள்விப்பட்டிருக்கேன் அக்கா. அது தேவசித்தம்."

"அப்ப எங்கப்பா பலிபீடத்துல நின்னு சொன்னது?"

ஐயர் எழுந்துகொண்டார். புத்தகங்களை விட்டுவிட்டுப் போய்விட்டார். நான் எழுந்து போய் அந்தக் கீரையை மறுபடியும் கழுவினேன்.

மார்ச் 22, வெள்ளி

பதநீர் வந்திருக்கிறது. அவர்களுக்கு ஆசை. ஒரு வாய் குடித்தார்கள், தங்கவில்லை.

மார்ச் 25, திங்கள்

வலி அதிகமாகிவிட்டது. இப்போது பெரிய மாத்திரை. போட்டால் தூக்கம், விட்டால் முனகல்.

சாயங்காலம் தெளிவாக இருந்தார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவ எங்க போவா பியூலா?" என்று கேட்டார்கள்.

"திருச்சிக்குத்தான். லீவு இன்னும் இருக்கு."

"அதைக் கேக்கல."

எனக்குப் புரிந்தது, சாவுக்கு அப்புறம் அவள் எங்கே போவாள் என்று. இத்தனை நாள் கோபம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது கோபமே இல்லை. "நான் எத்தனை பேரை ஆயத்தப்படுத்தி அனுப்பியிருக்கேன். என் பிள்ளையை விட்டுட்டுப் போறேனே" என்று அழுதார்கள். அந்த எலும்பும் தோலுமான உடம்பு அழுவதற்குக்கூட இடம் கொடுக்கவில்லை. இருமல் வந்துவிட்டது.

முழங்காலில் நின்றேன். என்ன கேட்பது என்று தெரியாமல் எழுந்துவிட்டேன்.

மார்ச் 27, புதன்

கெசியாளிடம் கேட்டேன். பூண்டு உரித்துக்கொண்டே கேட்டேன், முகத்தைப் பார்க்க முடியாது என்பதால்.

"ஒரே ஒரு தடவை சொல்லிரு மக்கா. விசுவாசிக்கேன்னு. அவுக நிம்மதியாப் போவாக."

"பொய் சொல்லச் சொல்லுதியாம்மா?"

"ஆமா."

அவளும் ஒரு பூண்டை எடுத்து உரித்தாள். "நீயாம்மா இதைச் சொல்லுத?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக என்று எத்தனை பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்யவைத்திருப்பேன். அவளும் அதில் ஒருத்தி. ஆனாலும் சொன்னேன். திரும்பவும் கேட்டால் திரும்பவும் சொல்வேன்.

மார்ச் 30, சனி

மதியக் கஞ்சிக்குப் பிறகு கெசியாள் அவர்கள் அறைக்குப் போனாள். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

"அப்பா."

மாத்திரை டப்பாவை மூடி வைக்கிற சத்தம் கேட்டது.

"அப்பா, நான் யோசிச்சுப் பாத்தேன். நான் விசுவாசிக்கேன்."

அவர்கள், "அம்மா சொல்லச் சொன்னாளா?" என்றார்கள்.

அவள் பேசவில்லை.

"உனக்குப் பொய் சொல்ல வராதுளா. சின்னப்பிள்ளையிலேயே வராது. இங்கன வா, உக்காரு." கட்டில் கிறீச்சிட்டது. "ஆமோஸாலதானே?"

அந்தப் பெயர் இந்த வீட்டில் சத்தமாகச் சொல்லப்பட்டது இன்றுதான். பழைய வீடுகளிலும் யாரும் சொன்னதில்லை. இதற்குமேல் எழுதாமல் இருக்க முடியாது. ஆமோஸ் என் மகன். கெசியாளுக்கு இளையவன். மூளைக்காய்ச்சலில் போனபோது ஒன்பது வயது. டாக்டர்கள் கைவிரித்த அன்று அவர்கள் ஆலயத்தில் பலிபீடத்துக்கு முன்னால் நின்று, என் மகன் சாகமாட்டான், செத்தாலும் கர்த்தர் எழுப்புவார் என்று சபைக்குச் சொன்னார்கள். சனங்கள் உபவாசமிருந்து ஜெபித்தார்கள். பிள்ளை போய்விட்டான். மறுநாள் பொழுது சாயும்வரை பெட்டியை மூடவிடாமல் அவர்கள் காத்திருந்தார்கள்.

கெசியாள் சொன்னாள்: "நீங்க சொன்னதை நான் அப்படியே நம்புனேம்ப்பா. எல்லாரும் அழுதாங்க, நான் அழல. எதுக்கு அழணும்? பெட்டி பக்கத்துலயே நின்னு அவன் கையைப் பாத்துக்கிட்டே இருந்தேன். மொதல்ல கைதான் அசையும்னு எனக்குள்ள ஒரு நெனப்பு. கண்ணைச் சிமிட்டுத நேரத்துல அசைஞ்சிருமோன்னு சிமிட்டாம நின்னேன்."

"நானும் அவன் கையைத்தான் பாத்துக்கிட்டு நின்னேன்" என்றார்கள் அவர்கள்.

இரண்டு பேரும் அழுதார்களா என்று எனக்குத் தெரியாது. நான் எட்டிப் பார்க்கவில்லை.

"அசையல" என்றார்கள். "ஆனா நான் விசுவாசத்தை விடலளா. விட்டா அவன் எங்கயுமே இல்லாமப் போயிருவான்."

"எனக்கு அவன் எங்கயும் இல்லப்பா."

"அப்ப நீ எப்படித் தாங்குத?"

"தாங்கலப்பா."

நான் கொல்லைக்குப் போய்விட்டேன். துணி எடுக்க வேண்டியிருந்தது.

அன்று பெட்டியை மூட வந்தபோது நான் மூடியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை என்று பழைய சபையில் இப்போதும் சொல்வார்கள். பெற்ற வயிறு, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்கள். இன்னும் கொஞ்ச நேரம் பொறுங்கள் என்று மட்டும்தான் நான் கேட்டேன்.

ஏப்ரல் 2, செவ்வாய்

கெசியாள் கையால் இளநீர் குடித்தார்கள்.

கல்லூரியில் என்ன பாடம் எடுக்கிறாய் என்று கேட்டார்கள். ஒளியைப் பற்றி என்றாள். நாம் பார்க்கிற நட்சத்திரத்தில் சிலது இப்போது இல்லாமலே போயிருக்கலாம், வெளிச்சம் மட்டும் வந்துகொண்டிருக்கும் என்று சொன்னாள். "இதை முன்னாலயே சொல்லியிருந்தா ஒரு நல்ல பிரசங்கம் செஞ்சிருப்பேன்" என்றார்கள். அவள் சிரித்துவிட்டாள். பழையபடி ஆகிவிட்டது என்று எழுதமாட்டேன். அவள் மாறவில்லை, அவர்களும் மாறவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள், அவ்வளவுதான்.

ஏப்ரல் 5, வெள்ளி

ஸ்டான்லி ஐயர் வந்தார். புத்தகம் எதுவும் கொண்டுவரவில்லை. கெசியாளிடம், "அக்கா, அன்னிக்கு நீங்க கேட்டதுக்கு எங்கிட்ட பதில் இல்ல. தேவசித்தம்னு சட்டுனு சொல்லிட்டேன். சொல்லியிருக்கக்கூடாது" என்றார். அவள், "நான் பதிலுக்காகக் கேக்கல ஐயா" என்றாள். பிறகு இருவருமாக அவர்களைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்து, விரிப்பு மாற்றினார்கள்.

திருவிருந்துக்கு ஆயத்தம் செய்தபோது கெசியாள் எழுந்து வெளியே போகப்போனாள். "இரு" என்றார்கள் அவர்கள்.

அவர்களால் தனியாக உட்கார முடியவில்லை. அவள் கட்டிலில் ஏறி, முதுகுப் பக்கம் உட்கார்ந்து தன் நெஞ்சில் அவர்களைச் சாய்த்துக்கொண்டாள். ஐயர் பாத்திரத்தை அவர்கள் உதட்டில் வைத்தபோது தலை நடுங்கியது. அவள் தாடையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். ஒரு சொட்டு திராட்சை ரசம் வழிந்து அவள் விரலில் பட்டது. துடைக்காமல் அப்படியே இருந்தாள்.

ஐயர் போகும்போது அவர்கள் அவரிடம், "என் அடக்கத்துல அவளைச் சாட்சி சொல்லு, வேதம் வாசின்னு யாரும் நெருக்கக்கூடாது. நீர் பாத்துக்கொள்ளும்" என்றார்கள்.

ஏப்ரல் 9, செவ்வாய்

காலை காப்பி ஆறுவதற்குள் போய்விட்டார்கள்.

ஏப்ரல் 11, வியாழன்

நேற்று அடக்கம். எங்கெங்கிருந்தோ சனங்கள். ஞானஸ்நானம் கொடுத்த பிள்ளைகள், தாலி எடுத்துக் கொடுத்த தம்பதிகள். எல்லோரும் என் கையைப் பிடித்து, மறுபடி பார்ப்போம் அம்மா, பரலோகத்தில் பார்ப்போம் என்றார்கள்.

மகள் நான்கு வார்த்தை பேசட்டும் என்று கமிட்டியில் ஒருவர் சொன்னார். ஸ்டான்லி ஐயர், "வேண்டாம், ஐயா சொல்லிட்டுப் போயிருக்காங்க" என்று முடித்துவிட்டார். பின்னால் ஏதோ பேச்சு எழும்பியது. தங்கபாய் அக்கா திரும்பி, "செத்தவுகளுக்கு மூத்திரம் அள்ளுனது யாரு? நீங்களா? சும்மா இருங்க" என்று அதட்டினார்கள். அக்காவே இப்படிச் சொன்னார்கள் என்று நம்பவே முடியவில்லை. உபவாசத்தை விடவில்லையாம், அதையும் என்னிடம் சொன்னார்கள்.

பிரசங்கத்தில் ஐயர், விசுவாசிக்கிறவர்கள் அனைவரும் மறுகரையில் கூடுவோம் என்றார். எத்தனையோ அடக்கங்களில் கேட்ட வார்த்தைதான். ஒவ்வொரு தடவையும் எனக்கு ஆறுதலாகத்தான் இருந்திருக்கிறது. நேற்று அதைக் கேட்டதும் பக்கத்தில் நின்ற கெசியாளின் கையைப் பிடித்துக்கொண்டேன். குழியை மூடி முடிக்கும்வரை விடவில்லை. நான் பிடித்திருந்த கையால் அவளுக்கு மண் போட முடியவில்லை. இடது கையால் போட்டாள்.

ஏப்ரல் 14, குருத்தோலை ஞாயிறு

ஆலயத்துக்குப் போகவில்லை. தலைவலி என்று சொல்லி அனுப்பினேன்.

ஏப்ரல் 19, பெரிய வெள்ளி

மத்தியானம் மூன்று மணி நேரம் நடக்கிற மும்மணி ஆராதனைக்குப் போனேன். இயேசு சிலுவையில் பேசிய ஏழில் நான்காம் வார்த்தைவரை இருந்தேன். பிதா கைவிட்டதைப் பற்றிய வார்த்தை. அதை அவர்கள் பிரசங்கிக்கும்போது குரல் கம்மும். நடிப்பு என்று ஒருமுறை யாரோ சொன்னதாகக் கேள்விப்பட்டுச் சண்டைக்குப் போயிருக்கிறேன். இன்று எழுந்து வெளியே வந்துவிட்டேன். வேப்பமரத்தடியில் கெசியாள் ஸ்கூட்டியோடு நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாய் என்று கேட்டேன். "உன்னை இறக்கி விட்டுட்டு நான் போகவே இல்லையே" என்றாள். வெயிலில் அவ்வளவு நேரம்.

ஏப்ரல் 21, ஈஸ்டர்

விடியற்கால ஆராதனை முடிந்து கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். கெசியாளும் வந்தாள். மண் இன்னும் அமரவில்லை. மல்லிகை வைத்தோம். சுற்றிலும் சனங்கள் உயிர்த்தெழுதல் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நானும் சொன்னேன். அது என் வாயில் தானாக வருவது. பொய்யென்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை, இன்றும் நினைக்கவில்லை.

திரும்பி வரும் வழியில் கெசியாள் வண்டியை மெதுவாக ஓட்டினாள்.

"அம்மா, ஒண்ணு கேக்கட்டுமா? வருத்தப்படக்கூடாது."

"கேளு."

"நீ நம்புதபடியே எல்லாம் இருக்குன்னு வச்சுக்கோ. அப்பாவும் ஆமோஸும் ஒண்ணா இருப்பாங்க. அப்புறம் நீயும் போவ. அப்ப நான் எங்கம்மா இருப்பேன்?"

கேலி இல்லை அவள் குரலில். சின்ன வயதில் ஆலயத் திருவிழாக் கூட்டத்தில் தொலைந்துபோனால் எங்கே நிற்கட்டும் என்று கேட்பாளே, அதே மாதிரி கேட்டாள்.

இந்தக் கேள்விக்கு விடை எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன், வசன ஆதாரத்தோடு. வாயைத் திறந்தேன்.

"சீலாக் கருவாடு இருக்கு. மத்தியானத்துக்கு வறுக்கட்டுமா?" என்றேன்.

எங்கள் தெருவுக்குள் வண்டியைத் திருப்பிக்கொண்டே, "வறும்மா" என்றாள்.

ஏப்ரல் 22, திங்கள்

லெந்து முடிந்துவிட்டது, இன்று ஒருநாள் மட்டும் கூட எழுதுகிறேன். கெசியாளைத் திருச்சி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். கோடை விடுமுறைக்கு வருகிறேன், இல்லாவிட்டால் நீ அங்கே வா என்றாள். சன்னல் வழியே என் கன்னத்தைத் தொட்டாள். பஸ் போனபிறகும் நின்றேன்.

வீட்டுக்கு வந்து கட்டிலைப் பிரித்தேன். நாற்காலியைக் கழுவிக் கவிழ்த்தேன், ஸ்டான்லி ஐயர் வேறொரு வீட்டுக்குக் கேட்டிருக்கிறார். மீந்த மாத்திரைகளைக் குழி தோண்டிப் புதைத்தேன். பிறகு செய்ய ஒன்றுமில்லை. சாயங்கால வெளிச்சம் இருக்கும்போதே வெறுந்தரையில் முழங்காற்படியிட்டேன். இத்தனை நாள் கழித்து வார்த்தை வந்தது. வந்ததை இங்கே எழுதிவைக்கிறேன்.

ஆண்டவரே, அவர்களும் ஆமோஸும் உம்மிடத்தில் இருக்கிறார்கள் என்று நம்புகிறேன். நம்பாமல் இருக்க எனக்குத் தெரியாது. ஆனால் கெசியாளுக்கு அங்கே இடமில்லையென்றால் என்னைக் கூப்பிட வேண்டாம். நான் அவளோடு வெளியே நின்றுகொள்கிறேன். கோபித்துக்கொள்ளாதேயும். நீரும் பிள்ளையைச் சாகக் கொடுத்தவர். உமக்குத் தெரியாததா?